ஒலிக்கும் மாற்று உண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் கூத்தும் நிறைந்த இவ்விழாவில், பாட்டைப் பற்றி அன்று, பாட்டை அடைத்து வைக்கும் பெட்டியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு எம்மைப் பணித்துள்ளனர். பாடுவோர் மேடைக்கு வரும் வரையில் பேசுவோரைப் பொறுத்துக்கொள்வது தமிழர் பண்பு. அப்பண்பை நம்பியே தொடங்குகின்றோம்.

இன்று இசை நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கைப்பேசியின் மூலையில் ஆயிரம் பாடல்கள் உறங்குகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்று எம்பி3 என்கிறது; மற்றொன்று ஃபிளாக் என்கிறது; இன்னொன்று வேவ் என்கிறது. "எல்லாம் ஒன்றுதான், காதுக்குத் தெரியவா போகிறது?" என்பர் இளைஞர். "அந்தக் காலத்து இசைத்தட்டில் இருந்த உயிர் இதில் எங்கே?" என்பர் முதியோர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை எவ்வளவு என்று உரைத்துப் பார்ப்பதே இன்றைய நம் வேலை. பொன் விளைந்த மண்ணில் வாழும் நமக்கு உரைகல்லும் மாற்றும் புதியவை அல்லவே!

1902ஆம் ஆண்டு நமக்கு இரு வகையில் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டில்தான் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழி ஓடிவந்து நம் சுரங்கங்களை அடைந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான், கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தா வந்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர், கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். அக்காலத்தில் பாடுவோர் பெரியதொரு கூம்புக்குள் வாய்வைத்து உரக்கப் பாடவேண்டும். மின்சார ஒலிவாங்கி 1925இல் வந்த பின்னரே மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே இடம் இருந்தது. ஆகவே பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்கிற்று. பாத்திரத்தின் அளவே பண்டத்தின் அளவாயிற்று. 1948இல் நெடுநேர இசைத்தட்டும், 1963இல் கேசட் எனப்படும் ஒலிநாடாவும், 1982இல் குறுந்தட்டும் வந்தன. இவற்றுள் குறுந்தட்டோடுதான் எண்முறை, அதாவது டிஜிட்டல், நம் வீட்டுக்குள் நுழைந்தது.

எண்முறை என்பது யாது? ஒலி என்பது காற்றின் அசைவு. இசைத்தட்டின் வரிப்பள்ளமும் ஒலிநாடாவின் காந்தப் பூச்சும் அவ்வசைவை அப்படியே வரைந்து வைத்தன. எண்முறையோ அவ்வசைவை அளந்து எழுதி வைக்கிறது. சுரங்கத்தில் பொன்னோட்டத்தின் நெடுகிலும் சில அடிக்கு ஓரிடமாகக் கல்லைக் கொத்தி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள் அன்றோ? அதைப்போலவே ஒலியலையிலும் இடைவிடாது மாதிரி எடுக்கப்படுகிறது. குறுந்தட்டில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியும் 65,536 படிகள் கொண்ட அளவுகோலால் அளக்கப்படுகிறது. அதனையே 16 பிட் என்பர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுரங்கத்தில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே இருப்பதை ஊகித்தே அறியவேண்டும். ஒலியில் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்துவிட்டால், இடையில் உள்ள வளைவு முழுவதையும் பிழையின்றி மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் நிறுவிய கணித உண்மை. மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். 20,000ஐ இரட்டித்தால் 40,000. அதற்குச் சிறிது மேலே வைத்த எண்ணே 44,100. ஆதலால் எண்முறை ஒலி படிக்கட்டுப்போல் உடைந்து உடைந்து வரும் என்று சிலர் கூறுவது பொருந்தாது.

இனி இரைச்சலைப் பற்றி ஒரு சொல். ஒலியின் தரம் என்பதில் பாதி, கேட்கவேண்டியது கேட்பது. மறுபாதி, கேட்கவேண்டாதது கேளாமை. இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று நம் காலடியிலேயே உண்டு. 1965ஆம் ஆண்டில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். அவ்வளவு ஆழத்துக்கு ஏன் இறங்கினார்கள்? மேலே மற்ற விண்கதிர்களின் ஆரவாரம் மிகுதி. அந்த ஆரவாரத்தை இரண்டு கிலோமீட்டர்ப் பாறை தடுத்து நிறுத்திய பின்னரே அந்நுண்மையான தடயம் புலப்பட்டது. ஒலிப்பதிவிலும் இதுவே நீதி. சாதாரண ஒலிநாடாவில் உரத்த ஒலிக்கும் நாடாவின் சீறலுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 50 முதல் 60 டெசிபல். குறுந்தட்டில் அது ஏறக்குறைய 96 டெசிபல். முதியோர் போற்றும் இசைத்தட்டின் இனிமை உண்மையே. எனினும் அது அத்தட்டுக்கே உரிய சாயலும் பழகிய நினைவும் சேர்ந்த இனிமை. அளந்து பார்த்தால் குறுந்தட்டே தூயது.

அவ்வாறாயின் எம்பி3 எதற்காகப் பிறந்தது? இடம் போதாமையால் பிறந்தது. குறுந்தட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் இடம் கொள்ளும். நான்கு நிமிடப் பாடலுக்கு ஏறக்குறைய 42 மெகாபைட். அந்நாளைய தொலைபேசிக் கம்பிகளும் கணினிகளும் இதனைத் தாங்கா. செர்மனி நாட்டின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் இதற்கு வழி தேடினார்கள். 1990களின் தொடக்கத்தில் அது உலகப் பொதுத் தரமாயிற்று. எம்பி3 என்னும் பெயர் 1995இல் நிலைத்தது. நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் அதே பாடல் நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கிற்று; பதினொன்றில் ஒரு பங்கு! நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் ஒரே தட்டில் கடைத்தெருவுக்கு வந்த மாயம் இதுவே.

பத்துப் பங்கு எங்கே போயிற்று? ஆலையில் பாறையை அரைக்கும் இயந்திரம் ஓடுகையில் அருகில் நிற்பவர் மெல்லப் பேசினால் கேட்பதில்லை. பேச்சு நின்றுவிடவில்லை, பேரொலி அதனை மறைத்துவிட்டது. நம் செவியின் இயல்பு அது. உரத்த ஒலியின் பக்கத்தில் உள்ள மெல்லொலியைச் செவி விட்டுவிடும். செவி விடுவதை நாமும் விட்டுவிட்டால் என்ன என்பதே எம்பி3இன் சூழ்ச்சி. மறைந்துபோகும் ஒலிகளைக் கணக்கிட்டுப் பரும்படியாக எழுதுகிறது. சிலவற்றை அடியோடு நீக்குகிறது.

நம் ஊருக்கு விளங்கும்படி சொன்னால், இது தாதுவை அரைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டும் வேலை. ஆனால் நாம் ஒன்றை நன்கு அறிவோம். அந்நாளில் கழிவென்று கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்றும் நம் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் அவற்றின் புழுதி நம் வீட்டுக்குள் வருகிறது. அந்த மேடுகளிலும் எஞ்சிய பொன் உண்டென்று பின்னர்க் கணக்கெடுத்தார்கள். அன்றைய கழிவு பிற்றைநாளில் பொருளாயிற்று. எம்பி3 கழித்த ஒலியோ எந்த மேட்டிலும் கிடப்பதில்லை. ஒருமுறை கழித்தால் கழித்ததுதான். பின்னர் எவ்வளவு சிறந்த கருவி வந்தாலும் அது மீளாது. 128 கிலோபிட் பாடலை 320 ஆக மாற்றித் தருவோம் என்பது, பத்து மாற்றைப் பன்னிரண்டு மாற்றுப் பெட்டியில் வைத்துத் தருவது போன்றது. பெட்டி பெரிதாகும், பொன் பெருகாது. மாற்றும்போதெல்லாம் இன்னும் சிறிது தேயவும் செய்யும்.

இங்கு ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பிராண்டன்பர்க் தம் முறையைச் சோதித்துச் செப்பனிட எடுத்துக்கொண்ட பாடல்களுள் ஒன்று, சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்க இசை ஏதுமின்றித் தனிக்குரலில் பாடியது. தொடக்கத்தில் அக்குரல் மிகவும் கெட்டுப்போயிற்று. பல கருவிகள் முழங்கும் இடத்தில் குறை மறையும். தனிக்குரலில் மறைய இடமில்லை. அதுபோலவே, நிசப்தத்தின் நடுவே சட்டென விழும் அடியும் எம்பி3க்குக் கடினம். அடி விழுமுன்பே அதன் நிழல்போல் ஒரு கலங்கல் கேட்கும். சோதனை செய்வோர் ஸ்பெயின் நாட்டுக் கைக்கட்டைகளின் ஒலியைக் கொண்டு இதனைக் காட்டுவர். நமக்கோ பறையும் தவிலும் சாலராவும் உள்ளன. தாலாட்டும் ஒப்பாரியும் தனிக்குரலே. ஆகவே நம் எளிய மக்களின் இசையே, குறைந்த அளவு எம்பி3இல் மிகுதியாகத் துன்புறும் இசை என்று அறிக.

இக்குறை நீங்க வழி உண்டா? உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு சூலைத் திங்களில் ஃபிளாக் என்னும் முறையின் முதல் முழு வடிவம் வெளிவந்தது. இது எதையும் கழிப்பதில்லை. புடைவையை வெட்டாமல் மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது; விரித்தால் ஒரு நூலும் குறையாது. இடமும் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மிச்சமாகும். இதற்கு விலையில்லை, எவர்க்கும் உரிமைத்தொகை தரவேண்டியதுமில்லை.

அப்படியானால் எல்லாரும் எம்பி3ஐத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டா. வேறுபாட்டை உங்கள் செவியே தீர்ப்பளிக்கட்டும். ஒரே பாடலை இரு வடிவில் வைத்துக்கொண்டு, எது எதுவென்று சொல்லாமல் பிறர் ஒருவரைப் போடச் சொல்லுங்கள். ஒலியின் அளவு இரண்டிலும் ஒத்திருக்கட்டும். சிறிது உரக்க ஒலிப்பதையே செவி நல்லதென்று நம்பிவிடும். பதினாறு முறையில் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் சரியாகச் சொன்னால் உங்கள் செவி உண்மையாகவே வேறுபாட்டை அறிகிறது எனலாம். எட்டோ ஒன்பதோ என்றால் பூவா தலையா போட்டதற்கு ஒப்பு. நொடிக்கு 128 கிலோபிட்டைப் பலர் கண்டுகொள்வர். 256, 320 என ஏறும்போது வல்லோரும் தடுமாறுவர். குறுந்தட்டைவிட மிக உயர்ந்த தரம் என்று விற்கப்பட்டவற்றையும் இவ்வாறு சோதித்துள்ளனர். 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 554 முறை கேட்கச் செய்ததில் 276 முறையே சரியான விடை வந்தது. பாதிக்கும் சற்றுக் குறைவு! எனவே கேட்பதற்காகப் பெரிய எண்களைக் கண்டு பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. அப்பணத்தில் நல்ல ஒலிபெருக்கியோ காதணியோ வாங்குவது அறிவுடைமை.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், பெட்டியின் இரைச்சலில் எம்பி3 கேட்பதில் இழப்பொன்றும் இல்லை. மறைக்க வேண்டியதைத் தண்டவாளமே மறைத்துவிடுகிறது. புளூடூத் காதணியில் கேட்டால், ஃபிளாக்கும் வழியில் பெரும்பாலும் மீண்டும் சுருக்கப்பட்டே செவிக்கு வருகிறது. பயணத்துக்கு எம்பி3 போதும். சேமித்து வைப்பதற்குத்தான் போதாது.

இப்போது நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றோம். கடையில் விற்ற பாடல் ஒன்று உங்களிடம் கெட்டுப்போனால் குற்றமில்லை; அதன் மூலம் வேறெங்கோ நிறுவனத்தாரிடம் இருக்கும். ஆனால் உங்கள் பரணில் கிடக்கும் கேசட்டுக்கு மூலம் வேறில்லை, அதுவே மூலம். அதில் பாட்டியின் தாலாட்டு இருக்கலாம். அயல்நாடு சென்ற மகனுக்குத் தாய் பேசி அனுப்பிய ஒலிக்கடிதம் இருக்கலாம். பழைய சங்க விழா ஒன்றில் எவரோ ஆற்றிய சொற்பொழிவு இருக்கலாம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசிய, தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த நம் ஊர்த் தமிழ் இருக்கும். கூண்டில் இறங்கி உழைத்த தந்தையார், நுரையீரலில் கல்தூசு படிந்து இருமிக்கொண்டே பேசிய பேச்சும் இருக்கலாம். அந்த இருமலும் வரலாறே. இரைச்சலென்று அதனை நீக்க எவர்க்கும் உரிமையில்லை.

ஒலிநாடா நெடுநாள் வாழாது. வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் பூச்சு உதிரும். அதை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. 2025க்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்படும் என்று ஆஸ்திரேலிய நாட்டின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்தக் கெடு நம்மீதே வந்து நிற்கிறது. காலம் கடந்துவிட்டதென்று கைவிடாமல், ஓடுகின்ற நாடாவை ஓடும்போதே காத்தல் வேண்டும்.

எப்படிக் காப்பது? முதலில், கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிடுங்கள். தவறியும் மேற்பதிவு ஆகாது. நாடாவை ஒருமுறை முழுதும் ஓட்டித் திருப்புங்கள். கருவியின் தலைப்பகுதியைச் சாராயத் துப்புரவு நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒலிபெருக்கியின் முன் கைப்பேசியைப் பிடித்துப் பதிவது வேண்டா; அது அறையின் எதிரொலியையும் தெருவின் ஓசையையும் சேர்த்துக்கொள்ளும். கருவியின் ஒலி வெளிவாயிலிலிருந்து கம்பி வழியே கணினிக்குக் கொண்டு செல்லுங்கள். ஆடாசிட்டி போன்ற விலையில்லா மென்பொருளே போதும். ஒலியின் உச்சம் மேல் எல்லையைத் தொடாதவாறு சிறிது இடம் விடுங்கள். தொட்டால் அவ்விடம் உடைந்துவிடும். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் குறைந்தது 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று விதித்துள்ளது. கேட்பதற்கு இது மிகுதி என்று சற்றுமுன் சொன்னோமே என்பீர்கள். இது கேட்பதற்கன்று, பதியும்போது அளவு தவறினாலும், பின்னாளில் நல்ல கருவி கொண்டு செப்பனிடும்போதும், நுண்மை குறையாதிருப்பதற்கு.

அவ்வாறு பதிந்ததை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் வையுங்கள். சீறலை நீக்கும் வேலையை அதில் செய்யாதீர்கள். வேண்டுமானால் ஒரு படி எடுத்து அதில் செய்யுங்கள். ஒரு மணி நேர நாடா வேவ் வடிவில் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் கொள்ளும். அது இன்று பெரிய இடமன்று. மூன்று படிகள் எடுங்கள். இரு வேறு வகைப் பொருளில் வையுங்கள். ஒன்று வேற்றூரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். உறவினர்க்கு அனுப்ப எம்பி3 தாராளமாகச் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் குரற்செய்தியாக அனுப்பியது ஒன்றே போதும் என்று மூலத்தை விட்டுவிடாதீர்கள். அது இன்னும் கடுமையாகச் சுருக்கப்பட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, பேசியவர் யார், எந்த லைனில் எந்த வீடு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெயரில்லாக் குரல் முகவரியில்லாக் கடிதம்.

இதற்கெனச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். படிப்பகத்தின் ஒரு மூலையில் பழுது நீக்கிய கேசட் கருவி ஒன்றும், கணினி ஒன்றும் வைப்போம். ஞாயிறுதோறும் இளைஞர் இருவர் அமரட்டும். வீட்டுக்கொரு நாடா கொண்டுவாருங்கள். நாடாவையும் படியையும் உங்களிடமே திருப்பித் தந்துவிடலாம். உடையவர் ஒப்பினால் மட்டும் ஒரு படி சங்கத்தில் இருக்கும். இழவு வீட்டு ஒப்பாரியை எல்லாரும் கேட்க வேண்டுமென்பதில்லை. அழியாமல் இருந்தால் போதும்.

இம்மண்ணிலிருந்து நூறு ஆண்டுக்கு மேலாக வெட்டியெடுத்த பொன் எங்கெங்கோ சென்றது. அதில் ஒரு குன்றிமணியும் வெட்டியவர் வீட்டில் தங்கவில்லை. அவர்கள் குரல் மட்டும் இன்னும் நம் பரண்களில் இருக்கிறது. அதன் மாற்றைக் குறைக்காமல் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் கடன். அடுத்த ஞாயிறு முதல் நாடாவைக் கொண்டுவருவோர் தம் பெயரைச் செயலாளரிடம் இன்றே பதிந்து செல்லுமாறு கேட்டு அமைகின்றோம்.